பரிசத் தட்டில் ஒரு கரிக்கட்டி

உக்காருங்க சார், உக்காருங்க. பையை எடுத்துக்கிறேன். தமிழ்தானே? மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். எந்த ஊரு? திண்டுக்கல்லா! அப்படிப் போடுங்க. நான் மதுரை. கோயில் பக்கமெல்லாம் இல்ல, ரயில்வே காலனி. பேரு சோலைமலை. மெயில் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவன். கரி எஞ்சின்ல ஆரம்பிச்சு டீசல்ல முடிச்சவன். அது என்ன கையில, காப்பியா? குடிங்க, குடிங்க, வாங்கியாச்சு. வாளி மாதிரி ஒரு டம்ளர், அதுக்குள்ள பாத்திரம் கழுவின தண்ணி. இதைக் குடிச்சுட்டுத்தான் இவனுக உலகத்தையே ஆளுறானுகளாம்.

ஊருக்குத்தான் சார் போறேன். தனியாத்தான். வீட்டம்மா இங்கேயே இருக்கா. மக கல்யாணத்துக்கு யாராவது ஒருத்தர் நிக்கணும்ல. எப்பக் கல்யாணமா? இன்னைக்குத்தான். பத்தரைக்கு மேல பன்னெண்டுக்குள்ள முகூர்த்தம். இங்கேருந்து ரெண்டு மணி நேரம் போனா ஒரு மலை அடிவாரத்துல கோயில் கட்டி வச்சிருக்காக, அங்க. ஏன் சார் அப்படிப் பார்க்குறீங்க? பொண்ணைப் பெத்தவன் ஏர்போர்ட்டுல உக்காரக் கூடாதுன்னு சட்டம் இருக்கா? டிக்கெட் இன்னைக்குத்தான் கிடைச்சுச்சு. முழங்கால் வேற வலிக்குது. இந்தக் குளிர் நமக்கு ஒத்துக்காது.

நம்பலையா? நம்ப வேண்டாம். நடந்ததைச் சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

எம்மக பேரு வான்மதி. ஒரே புள்ள. இங்க ஒரு ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற வேலை, பெரிய படிப்புத்தான். போன வருஷம் போன்ல சொன்னா, அப்பா, ஒருத்தரைப் பிடிச்சிருக்குன்னு. வெள்ளைக்காரன். சரின்னுட்டேன். ஒரே வார்த்தை, சரி. நான் சாதி பாக்குறவன் இல்ல சார், எங்க காலனியில யாரை வேணாலும் கேளுங்க. எஞ்சின்ல ஏறிட்டா எவன் என்ன சாதின்னு தெரியாது, அத்தனை பேரும் கருப்பாத்தான் இருப்போம். ஆனா குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல? அதைக் கேக்கணும்ல? இங்க வந்து இறங்கி, காரில போகும்போது கேக்குறேன், ஏம்மா, மாப்பிள்ளை வீட்டுல பரம்பரையா என்ன தொழில்? எம்மக சிரிச்சுக்கிட்டே சொல்றா சார், சுரங்கத்துல கரி வெட்டுனவங்கப்பான்னு.

கரி வெட்டுறவன்! நல்லாருக்கா?

இல்ல சார், நீங்க வெளி ஆளு, உங்களுக்குத் தெரியாது. ரயில்வேயில ஒரு வரிசை இருக்கு. மேல டிரைவர். அவனுக்குக் கீழ பயர்மேன். அவனுக்குக் கீழ எஞ்சினைத் துடைக்கிறவன். அதுக்கும் கீழ ஷெட்டுல கரி அள்ளுறவன். அதுக்கெல்லாம் கீழே, பூமிக்குள்ளேயே, கண்ணுக்கே தெரியாத எடத்துல இருக்குறவன் கரி வெட்டுறவன். நான் மேல ஏறுறதுக்கு எத்தனை வருஷம் கரி அள்ளிப் போட்டிருக்கேன் தெரியுமா? பயர்மேனா இருந்தப்ப இந்தத் தோள்பட்டை ரெண்டும் எனக்குச் சொந்தமில்ல. எங்கப்பாவும் ரயில்வேதான். ஷெட்டுல. அந்த... கரி சம்பந்தமான செக்ஷன்ல இருந்தாரு. அது வேற.

மாப்பிள்ளை பேரு ரீஸ். ரீஸாம். எனக்கு கிரீஸ் டப்பா ஞாபகந்தான் வருது. பள்ளிக்கூட வாத்தியார். நல்ல பையன்தான், இல்லைன்னு சொல்லல. சும்மா சும்மா தேங்க்ஸ் சொல்றான், அதுதான் எரிச்சல். தண்ணி குடுத்தா தேங்க்ஸ், டம்ளரை வாங்கினா தேங்க்ஸ். அவனுக்கு அப்பன் ஆத்தா இல்ல. வளர்த்தது தாத்தன் ஒருத்தன். மார்கன்னு பேரு. எண்பதைத் தாண்டின கிழவன், ஆனா ஒட்டகம் மாதிரி நிமிர்ந்து நடக்குறான். அவன்தான் சார் இந்தக் கதைக்கே வில்லன்.

நான் ரயில்வேன்னு கேள்விப்பட்டதும் அந்தக் கிழவனுக்குக் கை கால் நிக்கல. மறுநாளே வண்டியை எடுத்துக்கிட்டு வந்து என்னையும் மகளையும் ஒரு மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். மியூசியம்னா என்ன? பழைய லோகோ ஷெட்டு. கழுவித் தொடச்சு, வாசல்ல டிக்கெட் போட்டு விக்கிறானுக. நான் வாழ்க்கை பூரா எந்த ஷெட்டுலேருந்து எப்படா வீட்டுக்குப் போவோம்னு கெடந்தேனோ, அதைக் காசு குடுத்துப் பார்க்குறதுக்குப் புள்ளகுட்டியோட வரிசையில நிக்கிறானுக. கிழவன் அங்க சம்பளமில்லாத வேலை பாக்குறான். தொப்பி ஒண்ணு மாட்டிக்கிட்டு வர்றவனுக்கெல்லாம் கதை சொல்றது. எதைப் பத்தி? எஞ்சினைப் பத்திக்கூட இல்ல சார். இந்த எஞ்சினுக்கெல்லாம் கரி எங்கேருந்து வந்துச்சுன்னு!

நீங்களே சொல்லுங்க, இது ஒரு கேள்வியா? நான் இத்தனை வருஷம் ஓட்டினேன், ஒருநாள் கேட்டிருப்பேனா? கரி வடக்கேயிருந்து வேகன்ல வரும். ஷெட்டுல கொட்டும். எஞ்சின்ல ஏறும். எரியும். அம்புட்டுத்தான். சாப்பிடுறவன் அரிசி எந்த வயல்ல வெளைஞ்சதுன்னா கேக்குறான்?

ஆனா கிழவன் ஆரம்பிச்சான் பாருங்க, எம்மக பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு தாங்கல. முதல்ல இவனுக எஞ்சின்ல கரியே கிடையாதாம் சார். விறகாம்! காட்டை வெட்டி வெட்டி உள்ள போட்டிருக்கானுக. வழி நெடுக விறகு அடுக்கி வச்சிருப்பானாம், வண்டி நின்னு நின்னு ஏத்திக்கிட்டுப் போகுமாம். கல்யாண வீட்டுச் சமையல்காரன் மாதிரி. புகைபோக்கியிலேருந்து தீப்பொறி பறந்து பக்கத்து வயல்ல எல்லாம் பத்திக்குமாம். இதைப் பெருமையா வேற சொல்றான். அமெரிக்கான்னா ஏதோ ஆரம்பத்துலேயே ராக்கெட் விட்டவன் மாதிரி நாம நினைக்கிறோம், இவன் விறகடுப்புல ரயில் ஓட்டியிருக்கான்.

அப்புறம் பக்கத்துக் காடெல்லாம் மொட்டையாகி, விறகு விலை ஏறி, கரி பக்கம் திரும்பியிருக்கானுக. அந்தக் கரி அவுக ஊரு மலைக்குள்ளேயே கெடந்துச்சாம். அந்த மலையில ரயில் போட்டதே கரியை இறக்கத்தானாம். இறக்குற கரியைத் தின்னுக்கிட்டே எஞ்சின் கரியை இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. ரயில் கம்பெனிக்காரன் என்ன செஞ்சான், கரிக்கு இன்னொருத்தன்கிட்ட எதுக்குக் கையேந்தணும்னு மலையையே வாங்கிட்டான். சுரங்கமும் அவனுது, ரயிலும் அவனுது, வெட்டுறவன் குடியிருந்த வீடும் அவனுது, அரிசி பருப்பு வாங்குற கடையும் அவனுது. இதைச் சொல்லும்போது மட்டும் கிழவன் குரல் இறங்கிச்சு. எங்க தாத்தா வெட்டின கரியிலதான் இந்த எஞ்சின் ஓடுச்சுன்னு அதைத் தட்டிக் காமிச்சான். ஏதோ மாட்டைத் தட்டிக் குடுக்குற மாதிரி.

அந்த எஞ்சினைப் பார்க்கணுமே! டிரைவர் கூண்டு நடுவுல, பாய்லர் முதுகு மேல உக்காந்திருக்கு. பயர்மேன் தன்னந்தனியா பின்னால, மழையோ பனியோ வெட்டவெளியில. ஏன்டான்னா, அந்தக் கரி கல்லு மாதிரி கெட்டியாம், லேசுல பத்தாதாம், அதுக்காக அடுப்பை அகலமாக் கட்டினதுல டிரைவருக்குப் பின்னால எடம் இல்லாமப் போச்சாம். ஏன்யா, டிரைவர் அங்க, பயர்மேன் இங்க இருந்தா எப்படித் திட்டுவான்? எம் பயர்மேனெல்லாம் என் வாய்க்கு எட்டுற தூரத்துலதான் நிப்பான். பத்தாத கரி ஒரு கரியா, கத்த முடியாத எஞ்சின் ஒரு எஞ்சினான்னு கேட்டேன். எம்மக அதை மாத்திச் சொல்லிட்டான்னு நினைக்கிறேன், ஏன்னா கிழவன் எனக்குத் தேங்க்ஸ் சொன்னான்.

அது போகட்டும். இனிமேதான் விஷயமே.

பரிசத்தை எம்மக வீட்டுலேயே வச்சோம். அவுகளுக்கு நம்ம முறை தெரியாதுல்ல, மதி ஒக்காந்து சொல்லிக் குடுத்திருக்கா. மாப்பிள்ளை வீட்டுலேருந்து தட்டு எடுத்துக்கிட்டு வரணும், வெத்தலை பாக்கு, பழம், தேங்காய், பூ, சேலை. ஒத்தைப்படையா வரணும். எல்லாம் ஒழுங்காத்தான் கொண்டாந்தானுக. ரீஸோட சிநேகிதனுக நாலு பேரு வேட்டி கட்டிக்கிட்டு, இடுப்புல ஒரு கையை விடாமப் பிடிச்சுக்கிட்டுத் தட்டோட வந்தானுக. கடைசியா கிழவன் வர்றான். அவன் கையிலயும் ஒரு தட்டு. பட்டுத்துணி விரிச்சு, அதுக்கு நடுவுல என்ன இருக்குங்குறீங்க?

கரிக்கட்டி சார். ஒரு தேங்காய் அளவுக்குக் கருகருன்னு நிலக்கரி. பரிசத் தட்டுல!

எனக்கு ரத்தமே சுண்டிப்போச்சு. எங்கூர்லேருந்து வந்திருந்தவுக மொத்தம் நாலே குடும்பம், அவுக முன்னாடி. மஞ்சளும் குங்குமமும் இருக்க வேண்டிய எடத்துல கரியைக் கொண்டாந்து வச்சா என்ன அர்த்தம்? முகத்துல பூசுறதுக்கு வீட்டுலேருந்தே எடுத்துட்டு வந்துட்டானான்னு நினைச்சேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கிழவன் பேச ஆரம்பிக்கிறான், மதி சொல்றா. அவுக தாத்தா, அதாவது கிழவனோட தாத்தா, கடல் தாண்டி வந்த ஆளாம். சுரங்கத்துல வேலை. ஒருநாள் சுரங்கம் இடிஞ்சு உள்ளேயே போயிட்டாராம், உடம்புகூடக் கிடைக்கலையாம். முந்தின நாள் சாயங்காலம் வீட்டு அடுப்புக்குன்னு அவர் கொண்டாந்த கரியில இது ஒண்ணுதான் மிச்சமாம். அவர் சம்சாரம் இதை எரிக்காம வச்சிருக்கு. அவுக பழைய ஊருல புது வீட்டுக்குக் கரி கொண்டு போறது ஒரு வழக்கமாம், அந்த வீட்டு அடுப்பு என்னைக்கும் அணையக் கூடாதுன்னு. அதனால குடும்பத்துல யாருக்குக் கல்யாணம்னாலும் இந்தக் கட்டியைக் குடுப்பாகளாம். அவுக வச்சிருந்து, அடுத்த கல்யாணத்துக்குக் குடுத்துடணும். எத்தனையோ கல்யாணம் பார்த்த கரியாம்.

எம்மக கண்ணுல தண்ணி. அங்க இருந்த அத்தனை பேரும் உச் கொட்டுறாக. எனக்குக் கையெல்லாம் அரிக்குது. சரி, கரின்னு சொல்றானே, நம்ம தொழிலாச்சேன்னு எடுத்துத் தடவிப் பார்த்தேன். கையில ஒட்டல சார்! பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கு, துடைச்சாக் கை சுத்தமா இருக்கு. கரின்னா கை கருக்கணும்ல? என் ரேகைக்குள்ள இன்னும் கெடக்கு பாருங்க, ஓய்வு வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு, போகல. நான் சொன்னேன், மதி, இது கரியில்ல, கருங்கல்லு, உன்னை ஏமாத்துறானுகன்னு. அவ கிழவன்கிட்ட மெதுவா ஏதோ சொன்னா. கிழவன் சிரிச்சுக்கிட்டு, எங்க கரி கெட்டி, உங்க ஊரு கரி மெதுன்னு சொல்றான். எங்க கரி மெதுவாம்! கேட்டீங்களா திமிரை?

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. எம் பொண்டாட்டி இருக்காளே பஞ்சவர்ணம், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டா. கிழவன் கதையைக் கேட்டு அவளுக்கு மனசு இளகிப்போச்சு. மூக்கைச் சிந்திக்கிட்டே சபையில சொல்றா, "இவுக அப்பாவும் கரிதான். ஷெட்டுல கூடையில கரியை அள்ளித் தலையில வச்சு, ஏணியில ஏறி எஞ்சின்ல கொட்டுவாரு. கடைசியில நெஞ்சு பூரா கரி அடைச்சு இருமி இருமித்தான் போனாரு."

இதை எதுக்கு சார் அங்க சொல்லணும்? யாரு கேட்டா? என் சர்வீஸ் பூரா ஒருத்தனுக்குத் தெரியாது அது. டிரைவர் சோலைமலைன்னா ஷெட்டே எந்திரிச்சு நிக்கும், அவன் அப்பன் கூடை சுமந்தவன்னு ஒருத்தன் பேசினது இல்ல, பேச விட்டதும் இல்ல. மதிக்கே தெரியாது. அவ என்னைத் திரும்பிப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை. அப்புறம் கிழவன்கிட்டச் சொல்லிட்டா. கிழவன் என்ன செஞ்சான்? ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சுட்டான் சார்! ரெண்டு கையாலயும் இறுக்கி, முதுகுல தட்டி, அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தான்யான்னு சொல்றானாம். நானும் அவனும் ஒண்ணாம். அவன் மேல ஏதோ சோப்பு வாசம். என் சட்டையெல்லாம் கசங்கிப்போச்சு.

அதுக்கும் நான் அப்புறம் செஞ்சதுக்கும் சம்பந்தமே கிடையாது. அதை முதல்லயே சொல்லிடுறேன். எம் பொண்டாட்டி சம்பந்தம் இருக்குங்குறா. அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு உண்மை தெரியணும், அம்புட்டுத்தான். கரியா, கல்லா?

கொல்லைப்பக்கம் உருண்டையா மூடி போட்ட அடுப்பு வச்சிருந்தானுக, அடுப்புக்கரி போட்டுச் சோளக்கதிர் சுடுறதுக்கு. எல்லாரும் உள்ள சாப்பிடப் போனாக. நான் தட்டுலேருந்து அந்தக் கட்டியை எடுத்தேன். கொண்டுபோய்த் தணலுக்கு நடுவுல வச்சேன். பத்துமா? பத்தல. கம்பியை எடுத்துக் கிண்டினேன். நம்ம கரி அப்படித்தான் சார், கிண்டலேன்னா செத்துப்போயிரும். பாதி மண்ணு, பாதி கல்லு, சாம்பல் உருகி ஒட்டிக் கிட்டம் புடிக்கும், தட்டிக்கிட்டே இருக்கணும். பயர்மேன் கை ஓயவே கூடாது. நான் கிண்டுறேன், பொரட்டுறேன், ஊதுறேன். அது கோயில் சிலை மாதிரி உக்காந்திருக்கு. சுத்தியிருந்த தணலும் சாம்பலாப் போச்சே ஒழிய, அதுல ஒரு பொறி கிடையாது. பஞ்சவர்ணம் வந்து, சாப்பிட வராம இங்க என்ன கிண்டுறீகன்னு எட்டிப் பார்த்தா. ஒண்ணுமில்ல போடின்னேன். எனக்கு அம்புட்டு சந்தோசம். இத்தனை கல்யாணம், இத்தனை கண்ணீரு, எல்லாம் ஒரு கல்லுக்கு! மூடியைப் போட்டு, கெட உள்ளேயேன்னு சொல்லிட்டு, கையைக் கழுவிட்டு வந்து சாப்பிட உக்காந்தேன். நல்ல பசி. ரெண்டு தரம் சாம்பார் வாங்கினேன்.

பாயாசம் ஊத்துறப்பத் தேட ஆரம்பிச்சாக. கட்டியைக் காணோம். மதி அலமாரிக்கு அடியில குனிஞ்சு பார்க்குறா, ரீஸ் குப்பைக்கூடையைக் கொட்டிப் பார்க்குறான். நான் சாவகாசமாச் சொன்னேன், அடுப்புல கெடக்கு, போய் எடுத்துக்கங்க, கழுவினா சரியாப்போகும், கல்லுக்கு என்ன ஆகும்னு.

எல்லாரும் ஓடினாக. நானும் எலையை மடிச்சுட்டு நிதானமாப் போனேன். ரீஸ் மூடியைத் தூக்கினான்.

செவசெவன்னு இருக்கு சார். நான் கிண்டினப்ப பத்தாதது, தனியா விட்டதும் பத்தியிருக்கு. புகை இல்ல. சத்தம் இல்ல. மேல சின்னதா நீலத்துல ஒரு சுடர். உள்ளேயிருந்தே செவந்து... அந்த மாதிரி ஒரு நெருப்பை நான் என் சர்வீஸ்ல... சரி விடுங்க. அதைப் பத்தி இப்ப என்ன.

கிழவன் முன்னால வந்து நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான். காப்பாத்தணும்ல? அத்தனை பேரும் மரம் மாதிரி நிக்கிறாக, ஒருத்தனுக்கு மூளை வேலை செய்யல. நான்தான் சார் வாளித் தண்ணியைத் தூக்கி ஊத்தினேன். ஷெட்டுல அதுதான் வழக்கம், நெருப்பை இழுத்துக் கீழ போட்டா உடனே தண்ணி. டப்பு டப்புன்னு வெடிச்சு, கட்டி தூள் தூளாச் செதறிப்போச்சு. கெட்டிக் கரின்னானே, ஒரு வாளித் தண்ணி தாங்கல பாருங்க!

கிழவன் முட்டி போட்டு உக்காந்து, கைக்குட்டையை விரிச்சு, ஒவ்வொரு துண்டா எடுத்து வச்சான். சுடுது, சுடுதுன்னு கையை உதறிக்கிட்டே எடுக்குறான். நான் பெருந்தன்மையாச் சொன்னேன், மதி, அவர்கிட்டச் சொல்லும்மா, இது நிஜமான கரிதான், நானே சோதிச்சுட்டேன், அவுக தாத்தா பொய் சொல்லலன்னு. எவன் சொல்லுவான் சார் இப்படி? தப்புன்னு தெரிஞ்சதும் ஒத்துக்கிட்டேன்ல? அதுவும் எரிக்கிறதுக்குன்னு ஒருத்தன் கொண்டாந்த கரி எத்தனை வருஷமா எரியாமக் கெடந்துச்சு, நான் எரிச்சுக் குடுத்தேன். அந்த ஆளு ஆத்மா இப்பத்தான் சாந்தி அடைஞ்சிருக்கும்.

மதி அதைச் சொல்லல. எங்கிட்ட வந்து, தாத்தாகிட்ட மன்னிப்புக் கேளுங்கப்பான்னா. சத்தம்கூடப் போடல. ஒரே ஒரு வார்த்தை, சாரின்னு சொன்னாப் போதும், நீங்கதான் என்னைத் தாரை வார்த்துக் குடுக்கணும், மனசுல இதை வச்சுக்கிட்டு என்னால உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாதுன்னா.

நான் கேப்பேனா? கரி வெட்டுனவன் பேரன்கிட்ட நான் கேப்பேனா? மெயில் ஓட்டினவன் சார். கோட்டு போட்ட ஆபீசர் ரெண்டு நிமிஷம் லேட்டுன்னு கேட்டதுக்கு எஞ்சின்லேருந்தே பதில் சொன்னவன். முடியாதுன்னுட்டேன். அவளும் அப்பா மாதிரிதானே, அழுத்தக்காரி, அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. ஒரு வாரம் அந்த வீட்டுல எனக்குச் சோறு வரும், காப்பி வரும், பேச்சு வராது. டிக்கெட்டை மாத்துன்னேன். மாத்திட்டா. எம் பொண்டாட்டியைப் பார்த்து, கெளம்புடின்னேன். அவ ஊறுகாய்ப் பாட்டிலைத் தொடச்சுக்கிட்டே, "நீங்க போங்க. எம்மக கல்யாணத்தை நான் பார்த்துட்டு வர்றேன்"னுட்டா. கல்யாணம் ஆனதுலேருந்து என்னை விட்டுட்டு ரயிலேறாத பொம்பள சார் அவ. இன்னைக்கு விடியக்காலையில டாக்ஸி வந்து நின்னப்ப, வாசல் வரைக்கும் வந்தா. மதி வரல. அலங்காரம் பண்ணிக்கிட்டு இருந்திருப்பா. சன்னல்ல திரை லேசா ஆடுச்சு, காத்தாவும் இருக்கலாம்.

நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேல? பரிசத் தட்டுல கரி வச்சவன் மேலயா, எம் மேலயா? சொல்லுங்க சார். வாயில காப்பி இருந்தா முழுங்கிட்டுச் சொல்லுங்க.

இருங்க, போன் அடிக்குது. வீட்டம்மா. அடிக்கட்டும். இப்ப எதுக்குக் கூப்பிடுறா, பட்டுச்சேலை கட்டினதைக் காமிக்கவா? எடுக்கணுமா? சரி, நீங்க சொன்னதுக்காக எடுக்குறேன்.

என்னடி? இங்கதான் இருக்கேன். இன்னும் ஏறல, இப்பத்தான் வரிசையில நிக்கச் சொல்றான். ஆங், சாப்பிட்டேன், ரொட்டி மாதிரி ஏதோ. இங்க ஒரு திண்டுக்கல்காரர் இருக்காரு. அங்க என்ன சத்தம்? யாரு? அவனா? அவன் எதுக்கு எங்கிட்ட? ஏய், குடுக்காத. பஞ்சவர்ணம், குடுக்காதங்குறேன்ல... ஹலோ. யெஸ். சோலைமலை ஸ்பீக்கிங். யெஸ். நோ, நோ. ஓகே. என்ன மதி? நீயும் இருக்கியா? என்ன சொல்றாரு அவரு?

சொல்லு. கேக்குது.

திரும்பச் சொல்லு.

சார், கேட்டீங்களா? நல்ல காரியத்துல கரி வைக்கிறது நம்ம ஊர்ல ஆகாதுன்னு யாரோ இன்னைக்குத்தான் அவன்கிட்டச் சொன்னாகளாம். தெரியாம என் மனசை நோகடிச்சுட்டேன், மன்னிச்சுருன்னு கேக்குறான். அவன் கேக்குறான் சார் எங்கிட்ட! கேட்டுட்டான். ஜெயிச்சது யாரு இப்ப? பார்த்தீங்கள்ல, நீங்கதான் சாட்சி. அந்தக் கிழட்டு... என்ன மனுசன் சார் இவன்? தாத்தன் குடுத்த ஒரே பொருளை எரிச்சவன்கிட்டப் போயி எவனாவது மன்னிப்புக் கேப்பானா? சொரணை வேண்டாம்? சண்டை போட்டிருக்கணும்ல, நாலு வார்த்தை திட்டியிருக்கணும்ல? இப்படிக் கேட்டுட்டா, நான் எதை வச்சுக்கிட்டு இந்தப் பிளேன்ல ஏறுறது?

ஹலோ. ஹலோ, மிஸ்டர் மார்கன். ஐ... ஐ ஆம்... யுவர் கோல். யெஸ், கோல். வெரி குட் கோல். மை பாதர் ஆல்சோ... வெரி குட் கோல்.

என்ன பார்க்குறீங்க? கரிக்கு இங்கிலீஷ்ல கோல்தானே? என் இங்கிலீஷ் அம்புட்டுத்தான். கண்ணுல இந்த ஏசிக்காத்துப் படுது, வேற ஒண்ணுமில்ல. மதி, போனை வைக்காதம்மா. யார்கிட்டயாவது குடுத்துப் பிடிச்சுக்கச் சொல்லு. என்னது, ஐயர் கூப்பிடுறாரா? போ, போ. நேரம் ஆயிருச்சு. நான் இங்க இருக்கேன். போம்மா.

வரிசை போகுதா? நீங்க முன்னால போங்க சார், கூட்டம் குறையட்டும். இல்ல, இருங்க, போகாதீங்க. சத்தம் கேக்குதா? மேளம். டேப்புலதான் போடுறானுக, ஆள் வச்சு வாசிச்சா என்னவாம், கஞ்சப் பசங்க. இங்க வாங்க, காதை வைங்க, கெட்டிமேளம், கெட்டிமேளம்னு பஞ்சவர்ணம்தான் கத்துறா, எனக்குத் தெரியும் அந்தக் குரல். அந்த டம்ளரைக் கீழ வைங்க சார். எந்திரிங்க. கொஞ்சம் எந்திரிச்சு எங்கூட நில்லுங்கய்யா, எம்மக கழுத்துல தாலி ஏறுது.